குழந்தையின் கை கால் திடீரெனத் தளர்ந்தால்: போலியோ திரும்பாமல் தடுக்கப் பெற்றோர் செய்ய வேண்டியவை

இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், 2011 ஜனவரி 13 அன்று வாதம் கண்டது. ஆயினும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் ஒழியவில்லை. 25 ஆண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த காசாவில், போரால் தடுப்பு மருந்துப் பணி குலைந்த பிறகு, 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் செயலிழந்தது உறுதியானது. தொற்று ஏற்பட்ட ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வாதம் வருகிறது என்பதால், ஒரு குழந்தையின் கால் தளர்ந்திருந்தால் அதைச் சுற்றிலும் வெளியில் தெரியாத தொற்று பல மடங்கு இருக்கக்கூடும்.

ஆகவே 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கையோ காலோ திடீரென வலுவிழந்து துவண்டால், எங்காவது விழுந்திருப்பான், சத்துக் குறைவாக இருக்கும் என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல், அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ கொண்டு செல்லுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கும் தெரிவியுங்கள். மூச்சுத் திணறலோ விழுங்க முடியாமையோ இருந்தால் நேரே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வழியில் காய்ச்சலுக்கென்று ஊசி போடச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். போலியோ தொற்றியிருக்கும் வேளையில் தசையில் போடும் ஊசி, வாதத்தைக் கடுமையாக்கக்கூடும். தளர்ச்சி முதலில் தென்பட்ட தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதியிலிருந்துதான் எல்லாம் கணக்கிடப்படுகிறது. 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், குழந்தையின் மலம் இருமுறை சேகரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் பெரியவர் கட்டைவிரல் அளவு போதுமானது. வைரஸ் மலத்தில் விட்டுவிட்டு வெளிப்படுவதால் ஒரு மாதிரியை மட்டும் நம்ப முடியாது. மாதிரியை வெயிலில் வைக்காமல், செவிலியர் கொண்டுவரும் பனிக்கட்டிப் பெட்டியில் உடனே வைக்க வேண்டும். குளிர்ச்சி குலைந்தால் வைரஸ் அழிந்து, சோதனையே பொய்த்துவிடும். இம்மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களுள் சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டும் ஒன்று.

இது கில்லன் பாரே நோய் (நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைத் தளரச் செய்யும் வேறொரு நோய்), போலியோ அல்ல என்று மருத்துவர் சொன்னாலும் மலத்தைக் கொடுக்கத் தயங்காதீர்கள். இன்று இந்தியாவில் இவ்வாறு தெரிவிக்கப்படும் தளர்ச்சிகள் பெரும்பாலும் வேறு காரணத்தால் வந்தவையே. அவை ஒவ்வொன்றையும் சோதித்து விலக்கினால்தான் போலியோ இல்லை என்று ஒரு நாடு துணிந்து சொல்ல முடியும். 60 நாட்களுக்குப் பின் தளர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க அலுவலர்கள் வருவார்கள். வீடு மாறினால் புதிய முகவரியைச் சொல்லிவிடுங்கள்.

சொட்டு மருந்து பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும், 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் தரப்படுகிறது. போலியோ ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் போடப்படுகிறது. இவை அனைத்தும் போட்டிருந்தாலும் முகாம் நாளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மீண்டும் இரண்டு சொட்டுகள் கொடுங்கள், அதனால் தீங்கில்லை. மருந்துக் குப்பியின் ஒட்டுவில்லையில் வட்டத்திற்குள் உள்ள சதுரம், வட்டத்தைவிட வெளிறியிருந்தால் அதை வெப்பம் கெடுக்கவில்லை என்று பொருள். நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தாலும், வேலைக்காக வேற்றூர் வந்திருந்தாலும், அருகிலுள்ள அங்கன்வாடியில் விசாரித்து, விடுபட்ட தவணையைப் போட்டுக்கொள்ளுங்கள்.