'வென் யூ வில் கம்?' ஏன் தவறு: ஆங்கிலத்தில் கேள்வி அமைக்கும் முறை

தமிழில் கேள்வி கேட்க எந்தச் சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. 'அவன் வந்தான்' என்பதன் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் 'அவன் வந்தானா?' ஆகிவிடும். 'நீ நாளைக்கு வருவே' என்பதில் 'நாளைக்கு' இருந்த இடத்தில் 'எப்போ' வந்து உட்கார்ந்தால் அதுவும் கேள்விதான். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசும்போதுதான் 'வென் யூ வில் கம்?', 'வேர் யூ ஆர் கோயிங்?', 'வொய் யூ டிடின்ட் கால்?' எல்லாம் வாயில் வருகின்றன. இவற்றில் வினாச்சொல் சரி, வினைச்சொல் சரி, காலமும் சரி. எழுவாயும் துணைவினையும் இடம் மாறாததுதான் பிழை.

ஆங்கிலக் கேள்வியில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும். பள்ளியில் ஹெல்பிங் வெர்ப் என்று சொல்லித் தந்தார்களே, அதுதான் துணைவினை. அன்றாடப் புழக்கத்துக்கு 20 சொற்கள் தெரிந்தால் போதும்: ஆம், இஸ், ஆர், வாஸ், வெர், ஹேவ், ஹேஸ், ஹேட், டூ, டஸ், டிட், கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட். இந்தப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கேட்க நினைப்பதை முதலில் சாதாரண வாக்கியமாக மனதில் அமையுங்கள்: 'யூ வில் கம் டுமாரோ'. இதில் அந்த 20 சொற்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 'வில்' இருக்கிறது. அதை 'யூ'வுக்கு முன்னால் கொண்டுவந்தால் 'வில் யூ கம் டுமாரோ?' எப்போது என்று கேட்க வேண்டுமானால் 'டுமாரோ'வை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் 'வென்' வையுங்கள்: 'வென் வில் யூ கம்?' துணைவினை இரண்டு மூன்று இருந்தால் முதலாவது மட்டுமே நகரும். 'ஹீ ஹேஸ் பீன் வெயிட்டிங்' என்பது 'ஹேஸ் ஹீ பீன் வெயிட்டிங்?' ஆகும், 'ஹேஸ் பீன் ஹீ' என்று எப்போதும் வராது.

துணைவினையே இல்லாத வாக்கியங்களில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 'ஷீ ஒர்க்ஸ் இன் எ பேங்க்' என்பதில் 20 சொற்களில் ஒன்றுகூட இல்லை. அப்போது 'டூ' குடும்பத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்க வேண்டும். அது வரும்போது வினையில் இருக்கும் காலக்குறியைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். 'ஒர்க்ஸ்' என்பதில் உள்ள 'ஸ்' 'டஸ்'ஸுக்குப் போய்விட, வினை வெறும் 'ஒர்க்' ஆகிறது: 'டஸ் ஷீ ஒர்க் இன் எ பேங்க்?' இறந்த காலத்திலும் அப்படித்தான். 'தே வென்ட் ஹோம்' என்பதன் இறந்த காலத்தை 'டிட்' எடுத்துக்கொள்கிறது, 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிறது: 'டிட் தே கோ ஹோம்?' 'டிட் யூ வென்ட்?', 'டஸ் ஹீ ஹேஸ்?' என்று கேட்பவர்கள் ஒரே காலக்குறியை இரண்டு இடத்தில் வைக்கிறார்கள். டூ, டஸ், டிட் மூன்றில் எது வந்தாலும் பின்னால் வரும் வினை அகராதியில் இருக்கும் வடிவத்திலேயே இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் இதை மட்டும் ஒருமுறை சரிபார்த்தால் பாதிப் பிழை போய்விடும். இந்த 'டூ' கேள்விக்குள் நிலைபெற்றது கொஞ்சம் பிந்தித்தான். ஷேக்ஸ்பியர் காலத்தில் வினைச்சொல்லையே முன்னால் தூக்கிப்போட்டுக் கேட்பதும் வழக்கில் இருந்தது. இன்று அப்படிக் கேட்டால் நாடக வசனம் போல இருக்கும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பிழை உண்டு: 'ஆர் யூ நோ?', 'ஆர் யூ ஹேவ் சேஞ்ச்?' 'ஆர் யூ' என்று தொடங்கியே நாக்கு பழகிவிட்டதால் வருவது இது. ஆம், இஸ், ஆர் ஆகியவற்றுக்குப் பின்னால் 'இங்' வடிவமோ, பெயரோ, பண்போ, இடமோ, செயப்பாட்டு வினையில் மூன்றாம் வடிவமோதான் ('ஈட், ஏட், ஈட்டன்' என்பதில் 'ஈட்டன்' போன்றது) வரும். 'நோ', 'ஹேவ்' போன்ற வெறும் வினை வராது. 'டூ யூ நோ?', 'டூ யூ ஹேவ் சேஞ்ச்?' என்பதே சரி. 'ஹேவ்' இரட்டை வேடம் போடும் சொல். 'கையில் இருக்கிறதா' என்ற பொருளில் அது சாதாரண வினை, ஆகவே 'டூ' வேண்டும். பின்னால் மூன்றாம் வடிவம் வந்தால் அதுவே துணைவினை, அதுவே முன்னால் போகும்: 'ஹேவ் யூ ஈட்டன்?'

'டிட்' போடக் கூடாத இடமும் இருக்கிறது. யார் செய்தது, எது நடந்தது என்று எழுவாயையே கேட்கும்போது வினாச்சொல்லே எழுவாய் ஆகிவிடுகிறது. அதற்கு முன்னால் தாண்ட வேறு எழுவாய் இல்லை, எனவே இடமாற்றமும் இல்லை. 'ஹூ பிரோக் த கிளாஸ்?', 'வாட் ஹேப்பண்ட்?' என்றே கேட்க வேண்டும். 'ஹூ கால்ட் யூ?' என்றால் உன்னை யார் கூப்பிட்டார்கள். 'ஹூ டிட் யூ கால்?' என்றால் நீ யாரைக் கூப்பிட்டாய். தமிழில் 'யார்', 'யாரை' என்று உருபு காட்டும் வேறுபாட்டை ஆங்கிலத்தில் 'டிட்' காட்டுகிறது. 'ஹூம்' எழுத்தில் உண்டு, பேச்சில் அனேகமாக இல்லை.

மற்ற உருபுகள் என்ன ஆகின்றன? தமிழில் 'யாரிடம்', 'எதற்காக', 'எந்த ஊரிலிருந்து' என்று வினாச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. ஆங்கிலப் பேச்சில் வினாச்சொல் முன்னால் ஓடிவிடும், அந்தச் சிறு சொல் வாக்கியத்தின் கடைசியிலேயே தங்கிவிடும்: 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?', 'வாட் இஸ் திஸ் ஃபார்?', 'வேர் ஆர் யூ ஃபிரம்?' அந்த 'டு', 'ஃபார்', 'ஃபிரம்' விடுபட்டால் கேள்வி அரைகுறையாகிவிடும்.

தமிழ் 'ஆ' அனேகமாக எந்தச் சொல்லோடும் ஒட்டும். 'நேத்து நீ வந்தியா?', 'நேத்து நீயா வந்தே?', 'நேத்தா வந்தே?' மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'டிட் யூ கம் யெஸ்டர்டே?' ஒன்றுதான், வேறுபாட்டைக் குரல் அழுத்தத்தில் காட்ட வேண்டும். எழுத்தில் குரல் கேட்காது என்பதால் அங்கே 'வாஸ் இட் யூ ஹூ கேம்?', 'வாஸ் இட் யெஸ்டர்டே தட் யூ கேம்?' என்று பிரித்துக் கேட்பது நல்லது.

இத்தனையும் பழகியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்வது கேள்விக்குள் கேள்வி வரும்போது. 'கேன் யூ டெல் மீ வேர் இஸ் த பேங்க்?' என்று கேட்பது இடமாற்றத்தை இரண்டு முறை செய்வது. வெளியே இருக்கும் 'கேன் யூ' ஏற்கெனவே கேள்வியாகிவிட்டது. உள்ளே இருப்பது சாதாரண வாக்கிய வரிசையிலேயே இருக்க வேண்டும்: 'கேன் யூ டெல் மீ வேர் த பேங்க் இஸ்?' உள்ளே 'டூ', 'டிட்' போன்றவையும் வேண்டாம்: 'டூ யூ நோ வாட் டைம் த பஸ் லீவ்ஸ்?' வந்தானா இல்லையா வகைக் கேள்வியானால் நடுவில் 'இஃப்' போடுங்கள்: 'டூ யூ நோ இஃப் ஹீ கேம்?' கேள்வியே இல்லாத 'ஐ டோன்ட் நோ வாட் ஹிஸ் நேம் இஸ்' போன்ற வாக்கியத்துக்கும் இதே வரிசைதான். நேர்முகத் தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் இந்தப் பிழை சட்டென்று கண்ணில் படும்.

'தானே', 'இல்லையா' இரண்டுக்கும் 'இஸின்ட் இட்?' என்று ஒட்டவைப்பது இந்தியா முழுக்கக் கேட்கும் வழக்கம். நண்பர்களிடம் பேசும்போது யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், தேர்வில் மதிப்பெண் போகும். வாக்கியத்தில் உள்ள துணைவினையை எடுத்து, எதிர்மறையாக்கி, எழுவாய்க்குரிய பிரதிப்பெயரைச் சேர்க்க வேண்டும்: 'யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ?', 'யுவர் பிரதர் ஒர்க்ஸ் ஹியர், டஸின்ட் ஹீ?' வாக்கியம் எதிர்மறையானால் வால் உடன்பாடாக வரும். 'நெவர்', 'நோபடி' இருந்தாலும் எதிர்மறைதான்: 'நோபடி கேம், டிட் தே?' விதிக்கு அடங்காதவை 'ஐ ஆம் லேட், ஆரின்ட் ஐ?', 'லெட்ஸ் கோ, ஷல் வீ?'

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதும் நம்மைக் குழப்பும். 'சாப்பிடலையா?' என்றால் 'ஆமா, சாப்பிடலை' என்போம். ஆங்கிலத்தில் 'டிடின்ட் யூ ஈட்?' என்று கேட்டால், சாப்பிடாதவர் சொல்ல வேண்டியது 'நோ, ஐ டிடின்ட்'. கேள்வி எப்படி இருந்தாலும் நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ. 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?' என்பவரிடம் 'யெஸ்' என்றால் ஆட்சேபம் இருக்கிறது என்றாகிவிடும். திறக்கத் தயார் என்றால் 'நாட் அட் ஆல்'.

'அவள் பார்க்க எப்படி இருப்பாள்?' என்பதற்கு 'ஹவ் டஸ் ஷீ லுக் லைக்?' வராது, 'லைக்' வந்தால் 'வாட்' வேண்டும்: 'வாட் டஸ் ஷீ லுக் லைக்?'

பயிற்சிக்குப் பத்துப் பக்கம் தேவையில்லை. ஒரே வாக்கியத்தை எடுத்து, அதில் ஒவ்வொரு பகுதியும் விடையாக வரும்படி கேள்வி கேளுங்கள். 'குமார் பாட் எ சைக்கிள் ஃபார் ஹிஸ் சிஸ்டர் இன் மதுரை யெஸ்டர்டே.'

குமார்: 'ஹூ பாட் எ சைக்கிள்?'
எ சைக்கிள்: 'வாட் டிட் குமார் பை?'
ஹிஸ் சிஸ்டர்: 'ஹூ டிட் குமார் பை எ சைக்கிள் ஃபார்?'
இன் மதுரை: 'வேர் டிட் குமார் பை எ சைக்கிள்?'
யெஸ்டர்டே: 'வென் டிட் குமார் பை எ சைக்கிள்?'

முதல் கேள்வியில் மட்டும் 'டிட்' இல்லை, 'பாட்' அப்படியே நிற்கிறது, எழுவாயைக் கேட்கிறோம். மற்ற நான்கிலும் 'பாட்' 'பை' ஆகிவிட்டது. மூன்றாவதில் 'ஃபார்' கடைசியில் தங்கிவிட்டது. இனி 'எ சைக்கிள்' என்பதை 'த்ரீ சைக்கிள்ஸ்' என்று மாற்றி எண்ணிக்கையைக் கேளுங்கள். 'ஹவ் மெனி டிட் குமார் பை சைக்கிள்ஸ்?' என்று வந்தால் தவறு. எண்ணப்படும் பொருள் 'ஹவ் மெனி'யை விட்டுப் பிரியாமல் கூடவே முன்னால் போக வேண்டும்: 'ஹவ் மெனி சைக்கிள்ஸ் டிட் குமார் பை?'