பஸ் படியில் இழுக்காத எட்டு பீஸ் பாவாடை

தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். முதலில் தைத்த நீளப் பாவாடை நேர்வெட்டு. படியில் காலைத் தூக்கினால் முழங்காலில் இழுக்கும். அடுத்ததில் நிறையக் கொசுவம் வைத்தேன். நடக்கச் சுகம், ஆனால் இடுப்பு பருமனாகத் தெரிந்தது. அப்புறம்தான் எட்டு பீஸுக்கு, அதாவது எட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் பாவாடைக்கு வந்தேன். சீட் (இடுப்புக்குக் கீழே பின்புறம் அகலமாக இருக்கும் இடம்) வரை உடம்போடு வந்து, அதற்குக் கீழே விரியும். காலுக்குத்தான் அகலம் வேண்டும், இடுப்புக்கு இல்லை.

என் அளவு இடுப்பு 32, சீட் 40, பாவாடை உயரம் 38 அங்குலம். இடுப்பை உட்கார்ந்தபடி அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இடுப்புப் பட்டி வயிற்றை அழுத்தும். 44 அங்குல அகலப் பருத்தித் துணி இரண்டரை மீட்டர் வாங்கி, இரவு முழுக்க ஊறவைத்து, காயவைத்துத் தேய்த்த பிறகே கத்தரி வைப்பேன். சிந்தடிக் வேண்டாம், வியர்வையில் காலோடு ஒட்டும்.

32ஐ எட்டால் வகுத்தால் 4, தையலுக்கு 1 சேர்த்து பீஸின் மேல் அகலம் 5. அங்கிருந்து 8 அங்குலம் கீழே சீட்: தளர்வுக்கு 2 கூட்டி 42, அதில் எட்டில் ஒன்று 5¼, தையலோடு 6¼. கீழ் அகலம் 13, பீஸின் உயரம் 39. தைத்தபின் கீழ்ச்சுற்று 96 அங்குலம் வரும். செய்தித்தாளில் ஒரு பீஸ் வரைந்து வெட்டி, அதன் நடுக்கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக வைத்தால் அகலத்தில் நான்கு அடங்கும். பூக்கள் ஒரே பக்கம் நிமிர்ந்திருக்கும் துணிக்கு இது ஒத்துவராது.

கீழிருந்து மேலாகத் தையுங்கள். சாய்ந்த ஓரத்தைக் கையால் இழுக்கவே கூடாது, நெளிந்துவிடும். இடது பக்கம் ஜிப்புக்கு 8 அங்குலம் திறந்து விடுங்கள். வலது பக்கத் தையலில் ஒரு பாக்கெட், இது எனக்குக் கட்டாயம்.

பட்டி வைக்கும் முன் ஊசி குத்தி, போட்டுக்கொண்டு தரையில் சம்மணமிட்டுப் பாருங்கள். சீட்டில் பிடித்தால் அந்த இடத்தில் ஒவ்வொரு தையலின் இரு பக்கமும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) விட்டால் போதும், எட்டுத் தையலுக்கும் சேர்த்து 2 அங்குலம் கிடைத்துவிடும். எட்டு பீஸை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டிக்கு 4 அங்குல அகலம், 35 நீளம். அதை இரண்டாக மடித்து வைத்துத் தைத்ததும் பாவாடையை ஒரு இரவு தொங்கவிடுங்கள். சாய்ந்த தையல்கள் கொஞ்சம் இறங்கும். மறுநாள் யாரையாவது தரையிலிருந்து சுற்றிலும் அளந்து குறிக்கச் சொல்லி, கீழே அரை அங்குலம் மட்டும் இரட்டையாக மடித்துத் தையுங்கள்.