முடிவுகளின் தரம் குறையாமல் தனியுரிமைத் தேடுபொறியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தனியுரிமையை மதிக்கும் தேடுபொறிக்கு மாறுபவர்களில் பலர் சில நாட்களிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். தேடியது கிடைக்கவில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருந்த வாக்குறுதிகளைப் படித்துத் தேர்ந்தெடுத்தவர்கள், அந்தத் தேடுபொறி தன் முடிவுகளை எங்கிருந்து பெறுகிறது என்று கேட்கத் தவறியிருப்பார்கள். தேர்வை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இணையத்தை முழுவதும் துழாவி, பக்கங்களைச் சேகரித்து, அவற்றைச் சொல்வாரியாக அட்டவணைப்படுத்தி, அந்த அட்டவணையை நாள்தோறும் புதுப்பிப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலை. அதனால் மிகப் பெரிய அட்டவணைகள் கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங் போன்ற சிலவற்றிடம் மட்டுமே இருக்கின்றன. தனியுரிமைத் தேடுபொறிகள் பலவும் அவற்றிடமிருந்து முடிவுகளை ஒப்பந்தத்தின் பேரில் வாங்கி, பயனரின் அடையாளத்தை இடையில் நீக்கிவிட்டுக் காட்டுகின்றன. டக்டக்கோ என்ற தனியுரிமைத் தேடுபொறி காட்டும் வழக்கமான இணைப்புகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வருகிறது. ஸ்டார்ட்பேஜ் என்ற மற்றொன்று நெடுங்காலமாகக் கூகுளின் முடிவுகளைத் தந்துவருகிறது. 2024 மே 23 அன்று பிங் முடங்கியபோது டக்டக்கோவும் ஈகோசியா என்ற தேடுபொறியும் சேர்ந்தே முடங்கின. இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதை அந்த ஒரு நாள் வெளிப்படையாகக் காட்டியது. எனவே கூகுளின் முடிவுகளுக்குப் பழகியவர் ஸ்டார்ட்பேஜுக்கு மாறினால் தரத்தில் பெரிய வேறுபாட்டை உணரமாட்டார். டக்டக்கோவுக்கு மாறினால் பிங்கின் பலமும் பலவீனமும் சேர்ந்தே வரும்.

சொந்த அட்டவணை வைத்திருப்பவை வேறு வகை. 2021-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிரேவ் தேடுபொறி, 2023-ல் பிங்கை நம்பியிருந்த மிச்சப் பகுதியையும் கைவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த மோஜீக் 2004-லிருந்து தன் சொந்தத் துழாவி நிரலைக் கொண்டே இயங்குகிறது. இத்தகைய தேடுபொறிகள் நீடிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். ஓரிரு நிறுவனங்களின் அட்டவணையில் இல்லாத பக்கம் உலகிலேயே இல்லாததுபோல் ஆகிவிடக் கூடாது. ஆயினும் பயன்படுத்துபவர் அவற்றின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டவணை சிறிதாக இருந்தால் அந்தக் குறை முதலில் தெரிவது மென்பொருள் காட்டும் அரிதான பிழை அறிவிப்புகளைத் தேடும்போதும், இன்று காலை வெளியான செய்திகளைத் தேடும்போதும், தமிழைப் போல இணையத்தில் குறைவான பக்கங்களே உள்ள மொழிகளில் தேடும்போதும்தான். மறுபுறம், பெரிய தளங்களின் நெரிசலில் புதைந்துபோன தனிநபர் பக்கங்களை மோஜீக் சில நேரம் மேலே கொண்டுவந்து தருவதுண்டு.

முடிவுகள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்த பிறகு, தரத்தை நீங்களே சோதிக்க வேண்டும். பிறர் எழுதும் ஒப்பீடுகள் பிறருடைய தேடல்களைக் கொண்டு செய்யப்பட்டவை. உங்கள் உலாவியின் வரலாற்றைத் திறந்து, அண்மையில் நீங்கள் உண்மையிலேயே தேடிய சொற்றொடர்களில் இருபதைப் பொறுக்கி எடுங்கள். ஒரு தளத்தின் பெயரைத் தட்டி அங்கே செல்வதற்காகச் செய்த தேடல்களை விட்டுவிடலாம்; அவற்றில் எல்லாத் தேடுபொறிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மருந்தின் பக்கவிளைவு, மென்பொருள் பிழை, நேற்றைய நிகழ்வு, ஓர் ஊரின் பேருந்து நேரம், தமிழில் கேட்ட கேள்வி எனப் பலவகைப்பட்டவை இருக்கட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தேடுபொறிகளில் இட்டு, முதல் ஐந்து முடிவுகளுக்குள் உங்களுக்குத் தேவையானது கிடைத்ததா இல்லையா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் காட்டிய அதே வரிசை வருகிறதா என்று பார்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் நீங்கள் அளப்பது தரத்தையல்ல, பழக்கத்தைத்தான். இயன்றால் வேறொருவரைக் கொண்டு முடிவுகளை மட்டும் பிரதியெடுக்கச் செய்து, எது எந்தத் தேடுபொறி என்று தெரியாமலே மதிப்பிடுங்கள். பெயர் கண்ணில் பட்டவுடன் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

சோதனையில் தோற்பதுபோல் தோன்றும் பல இடங்களில் உண்மையான குறை நீங்கள் கேட்கும் விதத்திலோ தேடுபொறியின் அமைப்புகளிலோ (செட்டிங்ஸ்) இருக்கும். உங்களைப் பற்றி எதுவும் அறியாத தேடுபொறியிடம் வேண்டியதை நீங்களேதான் சொல்லியாக வேண்டும். ஜாவா என்று மட்டும் தட்டினால், உங்கள் பழைய தேடல்களைச் சேமித்து வைத்திருக்கும் நிறுவனம் நீங்கள் கேட்பது நிரல்மொழியா தீவா என்பதை ஊகித்துவிடக்கூடும். சேமிக்காத தேடுபொறிக்கு இன்னொரு சொல் தேவை. ஊர் சார்ந்த தேடலில் ஊரின் பெயரையும் சேர்க்க வேண்டும். தனியுரிமைக்கு நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் இந்தக் கூடுதல் சொல்தான். அதோடு, நாடு, மொழி, கால வரம்பு ஆகிய அமைப்புகளை முதல் நாளே சரிசெய்துவிடுங்கள். உலாவியை மூடும்போதெல்லாம் குக்கிகளை (தளங்கள் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு குறிப்புகளை) அழிப்பவர்களுக்கு இந்த அமைப்புகளும் சேர்ந்து அழிந்துபோகும். டக்டக்கோவும் ஸ்டார்ட்பேஜும் அமைப்புகளை இணைய முகவரிக்குள்ளேயே பொதிந்து தருகின்றன என்பதால், அந்த முகவரியைப் புத்தகக்குறியாகச் சேமித்துவைத்தால் போதும்.

இனி தனியுரிமைப் பக்கம். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படும் என்று, ஏறத்தாழ 6.5 லட்சம் பயனர்கள் செய்த சுமார் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஒரே எண்ணின் கீழ் வரிசையாக இருந்த தேடல்களைப் படித்தே, செய்தியாளர்கள் அந்தப் பயனர்களுள் ஒருவரின் வீட்டைக் கண்டுபிடித்துச் சென்றுவிட்டார்கள். ஆகவே கொள்கைப் பக்கத்தைப் படிக்கும்போது பெயர் நீக்கப்படுகிறதா என்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு தேடலும் அடுத்த தேடலும் ஒரே ஆளுடையவை என்று பிணைக்கும் எதுவும், அது ஐபி முகவரியோ (உங்கள் இணைய இணைப்பின் எண்) குக்கியோ கணக்கு எண்ணோ, சேமிக்கப்படுகிறதா என்பதைப் பாருங்கள். சேமிக்கப்பட்டால் எத்தனை நாள் என்றும் எழுதியிருக்க வேண்டும். அந்த வரி மழுப்பலாக இருந்தால் அந்தத் தேடுபொறியை விட்டுவிடலாம்.

விளம்பரங்களையும் கவனியுங்கள். தேடிய சொல்லை மட்டும் வைத்து விளம்பரம் காட்டுவதற்கு உங்களைப் பற்றிய கோப்பு எதுவும் தேவையில்லை. தனியுரிமைத் தேடுபொறிகளில் பல இந்த வழியில்தான் வருவாய் ஈட்டுகின்றன. ஆனால் விளம்பரத்தைச் சொடுக்கும் கணத்தில் நிலைமை மாறுகிறது. டக்டக்கோவில் மைக்ரோசாஃப்ட் தரும் விளம்பரத்தைச் சொடுக்கினால் உங்கள் ஐபி முகவரி மைக்ரோசாஃப்டின் விளம்பரப் பிரிவுக்குச் செல்லும். இதை டக்டக்கோவே தன் பக்கத்தில் தெரிவிக்கிறது. நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்டார்ட்பேஜில் 2019-ல் சிஸ்டம்1 என்ற விளம்பரத்துறை நிறுவனம் முதலீடு செய்தபோது பலர் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை.

விளம்பரமே வேண்டாம் என்பவர்களுக்குக் காகி என்ற கட்டணத் தேடுபொறி இருக்கிறது. கணக்கு தொடங்கிப் பணம் செலுத்துவதால் தேடல்கள் உங்கள் பெயரோடு பிணையாதா என்ற ஐயம் இயல்பானது. அதற்கு விடையாக 2025-ல் அவர்கள், பணம் செலுத்தியவர் என்பதை மட்டும் மறைகுறியீட்டு முறையில் மெய்ப்பித்து, யார் என்பதை வெளியிடாத ஒரு வசதியைச் சேர்த்தார்கள். சியர்எக்ஸ்என்ஜி என்ற கட்டற்ற மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிப் பல தேடுபொறிகளிடம் ஒரே நேரத்தில் கேட்கவும் முடியும். அதை நீங்கள் ஒருவர் மட்டுமே பயன்படுத்தினால், அந்த சர்வரின் முகவரியே உங்கள் அடையாளமாக மாறிவிடும். பிறர் நடத்தும் பொதுச் சர்வரைப் பயன்படுத்தினால், நடத்துபவரை நம்ப வேண்டியிருக்கும்.

தேடுபொறியை மாற்றியபின் உலாவியை அப்படியே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. முகவரிப் பட்டையில் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், பரிந்துரை காட்டுவதற்காக, இயல்பாக அமைந்துள்ள தேடுபொறிக்கு அனுப்பப்படலாம். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். மறைநிலைச் சாளரம் உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காதே தவிர, எதிர்முனையில் இருப்பவரிடமிருந்து உங்களை மறைப்பதில்லை. முடிவைச் சொடுக்கிச் செல்லும் தளமும் தன் போக்கில் உங்களைப் பின்தொடரக்கூடும். அதற்கு ஸ்டார்ட்பேஜில் ஒவ்வொரு முடிவின் அருகிலும் இருக்கும், அந்தத் தளத்தை ஸ்டார்ட்பேஜின் வழியாகவே திறந்துகாட்டும் அநாமதேயப் பார்வை ஓரளவு உதவும்.

எல்லாத் தேவைக்கும் ஒரே தேடுபொறி என்ற பிடிவாதம் வேண்டியதில்லை. உங்கள் சோதனையில் மிகுதியாக வென்றதை இயல்பான தேடுபொறியாக வையுங்கள். வேறு அட்டவணையைக் கொண்ட மற்றொன்றை இரண்டாவதாக வையுங்கள். பிங் தடுமாறும் கேள்விக்கு, பிங்கையே நம்பியிருக்கும் இன்னொரு தேடுபொறி உதவாது. டக்டக்கோவிலும் பிரேவிலும் ஆச்சரியக்குறியோடு சுருக்கக் குறி ஒன்றைத் தட்டினால் அந்தத் தேடல் நேராக வேறு தளத்துக்குப் போய்விடும். கூகுளுக்கான குறியைப் பயன்படுத்தினால் அந்தத் தேடலுக்குக் கூகுளின் விதிகளே பொருந்தும் என்பதால், ஸ்டார்ட்பேஜுக்கான குறியைப் பழக்கிக்கொள்வது நல்லது. ஒப்பந்தங்களும் உரிமையாளர்களும் மாறிக்கொண்டே இருப்பதால், எடுத்துவைத்த அந்த இருபது தேடல்களை அழித்துவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் இட்டுப் பார்த்து, கொள்கைப் பக்கத்தில் கடைசியாகத் திருத்திய தேதியையும் சரிபாருங்கள்.