சிடி பாடுகிறது என்று நம்பி எஸ்ஏசிடி பிளேயர் வாங்காதீர்கள்

எஸ்ஏசிடி, அதாவது சூப்பர் ஆடியோ சிடி என்ற உயர்தர ஒலி டிஸ்க்கை 1999-ல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்தன. அதைப் பாடவைக்கும் பெட்டிகள் இப்போது வருடத்துக்கு வருடம் அருகி வருகின்றன. இத்தகைய பிளேயர்களைச் செய்துவந்த ஓப்போ நிறுவனம் 2018 ஏப்ரலில் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது பெரிய அடி. பலருக்கு இன்று கைக்கு எட்டுவது செகண்ட் ஹேண்ட் பெட்டிதான். பணம் வீணாவதும் அங்கேதான்.

முதல் தவறு, விற்பவர் ஒரு டிஸ்க்கைப் போட்டுக் காட்டியதும் தலையாட்டிவிடுவது. பெரும்பாலான எஸ்ஏசிடிகள் ஹைபிரிட் வகை: ஒரே டிஸ்க்கில் சிடி அடுக்கு ஒன்று, எஸ்ஏசிடி அடுக்கு ஒன்று. சிடி அடுக்கைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர்; எஸ்ஏசிடி அடுக்கைப் படிப்பது டிவிடிக்கு உரிய 650 நானோமீட்டர் லேசர். இரண்டாவது லேசர் தளர்ந்துபோன பெட்டியும் சாதாரண சிடியை அருமையாகப் பாடும். ஹைபிரிட் டிஸ்க்கைப் போட்டால் சத்தமில்லாமல் சிடி அடுக்குக்கு இறங்கிவிடவும் கூடும். காதுக்குப் பாட்டு வரும், நீங்கள் கேட்பது எஸ்ஏசிடி அல்ல.

அதனால் சோதிக்கப் போகும்போது ஒற்றை அடுக்கு எஸ்ஏசிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஜப்பானில் வந்த எஸ்எச்எம்-எஸ்ஏசிடிகள் இந்த வகை. அதில் சிடி அடுக்கே கிடையாது. லேசர் பழுது என்றால் உடனே தெரிந்துவிடும். ஹைபிரிட்தான் இருக்கிறது என்றால் டிஸ்ப்ளேயில் எஸ்ஏசிடி என்று வருகிறதா என்று பாருங்கள். மல்டிசேனல் (பல ஸ்பீக்கர்களுக்கான) பெட்டியில் 5.1 பகுதியின், அதாவது டிஸ்க்கின் மல்டிசேனல் பகுதியின், கடைசிப் பாடலை முழுதாக ஓடவிடுங்கள். ஸ்டீரியோ பகுதி உள்பக்கமும் மல்டிசேனல் பகுதி அதற்கு வெளியேயும் பதிவாகியிருக்கும். தளர்ந்த பிக்கப் (லேசரும் லென்ஸும் உள்ள பாகம்) விளிம்பை நெருங்கும்போதுதான் தடுமாறும். டிஸ்க்கை அடையாளம் காணவே வெகுநேரம் திணறினால் வாங்க வேண்டாம்.

வாங்குமுன் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பிக்கப்பின் பாகஎண்ணைப் பார்த்து, அது இன்னும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காத பிக்கப் கொண்ட விலையுயர்ந்த பெட்டியைவிட, கிடைக்கும் பிக்கப் கொண்ட எளிய பெட்டியே நல்லது.

அடுத்து, எஸ்ஏசிடி பிளேயரை வெளி டிஏசியோடு (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) ஆப்டிகல் கேபிளில் இணைக்கலாம் என்ற நம்பிக்கை. நகலெடுப்பதைத் தடுக்கும் கட்டுப்பாட்டால் பெரும்பாலான பெட்டிகள் ஆப்டிகல், கோஆக்ஸியல் வழியாக எஸ்ஏசிடி ஒலியைத் தராது. சிடி அடுக்கு மட்டும் வரும். வழி இரண்டுதான்: அனலாக் அவுட், அல்லது எச்டிஎம்ஐ. சோனி யுபிபி-எக்ஸ்800-ல் அனலாக் அவுட்டே இல்லை, ஆகவே எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் கட்டாயம் வேண்டும். ரிசீவர் டிஎஸ்டியை (எஸ்ஏசிடியில் ஒலி பதிவாகும் டிஜிட்டல் வடிவம்) ஏற்காவிட்டால் பிளேயர் மெனுவில் டிஎஸ்டி அவுட்டை அணைத்துவிடுங்கள், சிடியில் உள்ளது போன்ற பிசிஎம் வடிவத்துக்கு மாறி வரும். எந்த அடுக்கு, ஸ்டீரியோவா மல்டிசேனலா என்பதையும் அதே மெனுவில் ஒருமுறை பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

ப்ளூ-ரே பிளேயர் எல்லாமே எஸ்ஏசிடி பாடும் என்று எண்ண வேண்டாம். பானசோனிக்கின் யுபி820, யுபி9000 இரண்டும் பாடாது. கம்ப்யூட்டர் டிரைவ் படிக்காது. பிளேஸ்டேஷன் 3-ல் முன்பக்கம் நான்கு யுஎஸ்பி துளைகள் கொண்ட ஆரம்ப மாடல்கள் மட்டும் பாடும். இரண்டு துளை மாடல்கள் பாடா.

ஜப்பானிலிருந்து வரவழைப்பவர்கள் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகிவிடக் கூடாது. உள்நாட்டு மாடல் 100 வோல்ட்டுக்கு ஆனது; நம் 230 வோல்ட் மின்சாரம் அதன் பவர் சப்ளையை எரித்துவிடும். தகட்டில் உள்ள வாட் அளவைப்போல் இருமடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) கொண்ட, கம்பி சுற்றிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எஸ்ஏசிடிக்கு ரீஜன் கோடு (எந்த வட்டார டிஸ்க் ஓடும் என்ற கட்டுப்பாடு) கிடையாது. ஆனால் அதே பெட்டியில் ப்ளூ-ரே பார்க்க நினைத்தால் ஜப்பான் ரீஜன் ஏ, இந்தியா ரீஜன் சி.

கடைசியாக, பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க்கைப் போடாதீர்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காட்டன் பட்டால், அழுத்தாமல் ஒருமுறை துடைத்தால் போதும். டிஸ்க் படிக்கவில்லை என்று பிக்கப்பில் உள்ள பிரீசெட்டை (லேசர் கரண்ட்டை அமைக்கும் சிறு திருகி) திருகி லேசர் கரண்ட்டைக் கூட்டுவார்கள்; சில நாள் பாடும், மிச்ச ஆயுளும் அதோடு போய்விடும். டிரே திறக்காவிட்டால் லேசரைக் குறை சொல்லுமுன் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். கெட்டித்துப்போன பெல்ட்டை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.