சூப்பர் கம்ப்யூட்டரில் ஜாப் போடும்போது சறுக்கும் இடங்கள்

சூப்பர் கம்ப்யூட்டரில் நாம் போடும் வேலைகளை (ஜாப்) வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள் ஸ்லர்ம். அதற்கு எழுதும் ஸ்கிரிப்ட்டில் டைம் வரியில் வெறும் 24 என்று போட்டால் கிடைப்பது 24 நிமிடம். 24:00 என்று போட்டாலும் 24 நிமிடம்தான். ஒரு நாள் வேண்டுமென்றால் 24:00:00 என்றோ 1-0 என்றோ எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஜாப்பைப் போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கட்டாயம் சரிபார்க்க வேண்டிய வரி இது.

இதற்கு நேர் எதிரான தவறு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உச்சவரம்பைக் கேட்பது. பெங்களூரு சாந்திநகரில் நிற்கும் சேலம் பஸ்ஸில் ஒரு சீட் ஓசூரிலிருந்து ரிசர்வ் ஆகியிருந்தால், ஓசூரில் இறங்குகிறவரை அதில் உட்காரவைப்பார் கண்டக்டர். சேலம் வரை போகிறவருக்கு அது கிடைக்காது. காலி இடைவெளியில் சின்ன ஜாப்பை நுழைக்கும் பேக்ஃபில் நடப்பதும் இப்படித்தான். பெரிய ஜாப் ஒன்றுக்காக ஒதுக்கிவைத்த நோடுகள் (சூப்பர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தனித்தனி கம்ப்யூட்டர்கள்) இன்னும் ஆறு மணி நேரம் காலி என்றால், ஐந்து மணி நேரம் கேட்டவர் நடுவில் நுழைந்துவிடலாம். உங்கள் வேலைக்கு நாலு மணி நேரமே போதும் என்றாலும், 72 கேட்டிருந்தால் ஷெட்யூலருக்கு நீங்கள் 72 மணி நேரக்காரர்தான். முந்தைய ஜாப் எவ்வளவு நேரம் ஓடியது என்று எஸ்ஆக்ட் கட்டளையில் பார்த்து, கால் பங்கு கூட்டிக் கேளுங்கள்.

நேரம் முடிந்தால் ஜாப் வெட்டப்படும். மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் புரோகிராம், விட்ட இடத்திலிருந்து தொடர வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒரு செக்பாயிண்ட் எழுதும். 24 மணி நேர ஜாப்பில் மேக்ஸ்ஹெச் (அதிகபட்ச மணி நேரம்) ஆப்ஷனுக்கு 23.5 கொடுத்தால் அதுவே ஒழுங்காக நின்றுகொள்ளும். தொடர்ச்சி ஜாப்பை ஆஃப்டர்ஓகே என்று கோக்காதீர்கள். முதல் ஜாப் டைம்அவுட் ஆனால் அது ‘ஓகே’ ஆகாது, அடுத்தது கிளம்பவே கிளம்பாது. முந்தையது எப்படி முடிந்தாலும் கிளம்பும் ஆஃப்டர்எனி போடுங்கள்.

அடுத்தது, எந்தப் பிழைச்செய்தியும் தராமல் நேரத்தைத் தின்னும் தவறு. பெங்களூரு ஐஐஎஸ்சியில் உள்ள பரம் பிரவேகாவின் சிபியு நோடு ஒன்றில் 24 கோர் புராசஸர் இரண்டு, ஆக 48 கோர். எம்பிஐ என்பது ஒரே புரோகிராமின் பல பிரதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வேலையைப் பகிரும் முறை; ஒவ்வொரு பிரதியும் ஒரு ரேங்க். அதில் 48 எம்பிஐ ரேங்க் ஓடவிட்டு, ஒரு ரேங்க்குக்குள் இணையாக எத்தனை த்ரெட் (கிளை) ஓடலாம் என்று சொல்லும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறியை அப்படியே விட்டால், சில புரோகிராம்களில் ஒவ்வொரு ரேங்க்கும் கண்ணில் படும் கோர்கள் அனைத்துக்கும் ஒரு த்ரெட் திறக்கும். 48 கோருக்கு 2304 த்ரெட் போட்டி! ஜாப் ஓடும், விடையும் சரியாக வரும், ஆனால் பல மடங்கு தாமதமாக. நம்பை போன்ற பைத்தான் நூலகங்களும் உள்ளுக்குள் இதையே செய்யும். எம்பிஐ மட்டும் என்றால் 1 என்று வையுங்கள். எம்பிஐயும் த்ரெட்டும் சேர்ந்த கலப்பு முறை என்றால் ரேங்க்கையும் த்ரெட்டையும் பெருக்கினால் 48 வர வேண்டும், 12க்கு 4 என்பதுபோல. ஸ்லர்ம் 22.05 முதல் சிபியுஸ்-பெர்-டாஸ்க் எண் (ஒரு ரேங்க்குக்கு எத்தனை கோர்), ஜாப்பை வரிசையில் போடும் எஸ்பேட்ச்சிலிருந்து, ஸ்கிரிப்ட்டுக்குள் புரோகிராமைக் கிளப்பும் எஸ்ரன்னுக்குத் தானாகப் போகாது. எஸ்ரன் வரியிலும் மறுபடி கொடுக்க வேண்டும்.

அவுட்புட்டில் ஒரே வரி 48 தடவை வருகிறதா? ஒரு எம்பிஐயில் கம்பைல் செய்ததை இன்னொரு எம்பிஐயின் லாஞ்சரால் ஓட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு பிரதியும் தன்னையே ரேங்க் 0 என்று நினைத்துக்கொண்டு, ஒரே ஃபைலில் ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கும். கம்பைல் செய்தபோது லோடு செய்த மாட்யூல்களையே (கம்பைலர், எம்பிஐ போன்றவற்றைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள்) ஜாப் ஸ்கிரிப்ட்டிலும் லோடு செய்யுங்கள். முதலில் மாட்யூல் பர்ஜ் கொடுத்து, ஏற்கெனவே லோடு ஆனதையெல்லாம் நீக்கிவிடுங்கள்.

நோடைக் கூட்டினால் வேகம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான். புரோகிராமில் 5 சதவீதம் வரிசையாகவே ஓட வேண்டியது என்றால், எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. சின்ன ஓட்டம் ஒன்றை 1, 2, 4 நோடுகளில் ஓட்டிப் பாருங்கள். உதாரணமாக 100, 54, 41 நிமிடம் வந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நாலில் திறன் 61 சதவீதம்தான். கேட்ட நோடுகளுக்கான கோர்-மணி கணக்கில் கழிந்துவிடும், வரிசையும் நீளும்.

மெமரி போதாமல் ஜாப் சாகும்போது பலரும் நோடைத்தான் கூட்டுகிறார்கள். 192 ஜிபி நோடில் 48 ரேங்க் என்றால் ஆளுக்கு 4 ஜிபி. ஒரு நோடில் 24 ரேங்க் மட்டும் வைத்தால் அது இரட்டிப்பாகும்.

எல்லோரும் உள்ளே நுழையும் லாகின் நோடில் கணக்கு ஓட்டாதீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் செய்கிறோம். எல்லோரும் பகிரும் லஸ்டர் ஃபைல் சிஸ்டத்தில் பத்தாயிரம் குட்டி ஃபைல்களை எழுதுவது அதைவிட மோசம்: ஒவ்வொரு ஃபைல் திறப்பும் ஃபைல்களின் பெயர் போன்ற விவரங்களை வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வருக்குப் போகும், அந்த டைரக்டரியில் பட்டியல் பார்க்க எல்எஸ் அடிக்கிறவர் முதல் எல்லோருக்கும் இழுக்கும். பல டேட்டாவை ஒன்றாக வைக்கும் ஹெச்டிஎஃப்5 வடிவத்தில் ஒரே ஃபைலில் சேர்த்து எழுதலாம். ஐநூறு சின்ன ஜாப்களை ஃபார் லூப்பில் தள்ளுவதற்குப் பதில் 1-500%20 என்று ஜாப் அரே (ஒரே ஸ்கிரிப்ட்டின் எண்ணிட்ட தொகுப்பு) கொடுத்தால் ஒரு நேரத்தில் இருபதுதான் ஓடும்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டை, வரி முடிவுகளை மாற்றும் டாஸ்-டு-யூனிக்ஸ் வழியாக ஓட்டிவிட்டு அனுப்புங்கள்; இல்லையென்றால் எஸ்பேட்ச் வாங்காது. ஸ்கிரிப்ட்டில் டைம் போன்ற எஸ்பேட்ச் வரிகளெல்லாம் முதல் கட்டளைக்கு மேலேயே இருக்கட்டும், கீழே இருப்பதை ஸ்லர்ம் கண்டுகொள்ளாது. அவுட்புட் வரியில் லாக்ஸ் என்ற டைரக்டரியைக் குறிப்பிட்டிருந்தால், ஜாப் போடும் முன்பே அதை உருவாக்கிவிடுங்கள். ஸ்லர்ம் அதை உருவாக்கித் தராது. ஜாப் தொடங்கியதும் செத்துவிடும், ஏன் செத்தது என்று பார்க்க லாக்கும் இருக்காது.