எல்லாம் ஒப்பாரி இல்லை: வெல்ஷ், ஐரிஷ் கவிதை வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரிஷ் கவிஞர் நூலா நீ கோனெல் தன் மொழியைப் பற்றி ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். தன் நம்பிக்கையை மொழி என்ற சிறு படகில் ஏற்றித் தண்ணீரில் விடுகிறார். பைபிள் கதையில் குழந்தை மோசேயை நாணற்பெட்டியில் வைத்தார்களே, அந்த மாதிரி. இலைகளைப் பின்னி, அடியில் கீலும் பிசினும் பூசி, ஆற்றோர நாணலுக்குள் வைக்கிறார். எங்கே போய்ச் சேருமோ, எகிப்து மன்னன் பார்வோனுடைய மகளின் மடியிலோ என்று கேட்டுவிட்டுக் கவிதை நின்றுவிடுகிறது.

இதை 'செத்த மொழிக்கு ஓர் ஒப்பாரி' என்று படிப்பதுதான் முதல் தவறு. எனக்கு மிகவும் வலிப்பதும் இதுதான். செத்த பிள்ளையின் பெட்டிக்கு யாரும் கீல் பூச மாட்டார்கள். தண்ணீர் புகக்கூடாது, பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதானே பூசுவது! கவிதையின் உயிரே அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மோசேயை எடுத்து வளர்த்தது அவன் இனத்தை அடக்கி ஆண்ட அரண்மனை. இந்தக் கவிதையும் பால் மல்டூனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் நம்மைப் போன்றவர்களிடம் வந்தது. அது இடம்பெற்ற 1990ஆம் ஆண்டு இருமொழித் தொகுப்பின் பெயர் 'பார்வோனின் மகள்'. ஆங்கிலத்தில் படிக்கும் நாம் அந்த மடியில் உட்கார்ந்துதான் படிக்கிறோம். இதை மறந்துவிட்டு மொழிபெயர்ப்பையே மூலமாக எண்ணக்கூடாது. பிடி ஜென்கின்சன் என்ற புனைபெயரில் எழுதும் ஐரிஷ் கவிஞர், தன் கவிதைகளை அயர்லாந்தில் ஆங்கிலத்தில் வெளியிடவே சம்மதிக்காதவர்.

அப்புறம், வேல்ஸின் வெல்ஷ், அயர்லாந்தின் ஐரிஷ் இரண்டையும் 'கெல்டிக்' என்ற மொழிக் குடும்பப் பெயரில் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. தலைக்கு வெல்ஷில் 'பென்', ஐரிஷில் 'கியான்'. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. நிலைமையும் வேறு. ஐரிஷுக்கு 1937 அரசியல் சட்டமே முதல் ஆட்சிமொழி என்ற இடத்தைக் கொடுத்தது; ஆனால் 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர், பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் ஏறத்தாழ 72,000 பேர்தான். வேல்ஸில் 2021 கணக்குப்படி 5,38,000 பேருக்கு வெல்ஷ் பேசத் தெரியும், அதாவது 17.8 சதவீதம்.

'ஆங்கிலேயர் சட்டம் போட்டு மொழியைப் பறித்தார்கள்' என்று எளிதாக முடித்துவிடுவதும் கவிதையைக் கெடுத்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அதைச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆங்கிலம் படித்தால் பிள்ளை முன்னேறும் என்று நினைத்த பெற்றோரும் இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கவிதைகளில் கோபத்தோடு வெட்கமும் சேர்ந்தே வருகிறது. வெல்ஷ் கவிஞர் கெரால்ட் லாய்ட் ஓவன் 1972இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பே 'வெட்கத்தின் கவிதைகள்' என்று பொருள்படும்.

யார் உண்மையான வெல்ஷ்காரர், யார் துரோகி என்று தராசு பிடிப்பது இன்னொரு தவறு. வேல்ஸ் கவிஞர் ஆர். எஸ். தாமஸ் வளர்ந்த பிறகு வெல்ஷ் கற்றவர். சுயசரிதையை வெல்ஷில் எழுதினார், கவிதையை ஆங்கிலத்திலேயே எழுதினார். அயர்லாந்துக் கவிஞர் மைக்கேல் ஹார்ட்நெட் 1975இல் ஆங்கிலத்துக்கு விடை சொல்லி ஐரிஷுக்குப் போனார். 1985இல் ஆங்கிலக் கவிதை நூலோடு திரும்பினார். போனதும் வந்ததும் இரண்டுமே அவருடைய கவிதை வாழ்க்கைதான்.

வெல்ஷ் கவிஞர் வால்டோ வில்லியம்ஸ் 1904இல் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவர். ஏழு வயதில் குடும்பம் வெல்ஷ் பேசும் கிராமம் ஒன்றுக்குக் குடிபோனது. கூட விளையாடிய பிள்ளைகளிடம்தான் மொழியைக் கற்றார். 'நினைவுகூர்தல்' என்று பொருள்படும் தலைப்பில் பின்னாளில் அவர் எழுதிய கவிதையில், மறைந்துபோன மொழிகளின் சின்னஞ்சிறு சொற்கள் வருகின்றன. ஒரு காலத்தில் குழந்தைகளின் மழலையில் காதுக்கு இனித்தவை. இன்று எந்த நாவும் அவற்றைக் கூப்பிடுவதில்லை என்கிறார். வெல்ஷ் அவருக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகளின் வாயிலிருந்துதான்.