நின்றுபோன ஊர் கிரிக்கெட் கிளப்: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பொங்கல் கழிந்ததும் பல ஊர்களில் இந்தப் பேச்சு எழும்: "நம்ம டீமைத் திரும்ப ஆரம்பிக்கணும்ப்பா." உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப், முதுகில் பெயர் போட்ட ஜெர்சி, நாலு ஞாயிறு ஆட்டம். சித்திரை வெயிலோடு எல்லாம் அடங்கிவிடும். காலம் பார்த்தது மட்டும் சரிதான். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்து, தையில் மண் வெட்டவும் உருட்டவும் பதமாக இருக்கும். ஜெர்சியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பணத்தைப் பிட்சில் போடுங்கள்.

மண்வெட்டியை எடுக்கும் முன் இடம் யாருடையது என்று பாருங்கள். எல்லோரும் 'ஊர்ப் பொது இடம்' என்று சொல்வது அ-பதிவேட்டில் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) மேய்க்கால் புறம்போக்காகவோ ஏரிப் புறம்போக்காகவோ இருக்கலாம். வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைக் கேட்டு வகைப்பாட்டைப் பார்த்துவிடுங்கள். நீர்நிலை என்று இருந்தால் அங்கே கான்கிரீட் பேச்சே வேண்டாம், ஆக்கிரமிப்பாகிவிடும். பள்ளி மைதானம் என்றால் எந்தெந்த நாள், எத்தனை மணிவரை, கேட் சாவி யாரிடம் என்ற மூன்றும் அனுமதிக் கடிதத்தில் இருக்கட்டும். வாயால் கொடுத்த அனுமதி, தலைமையாசிரியர் மாறுதலாகிப் போகும்போது அவருடனேயே போய்விடும்.

ஆட்களைச் சேர்க்கும்போது விளையாடுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். ஆட்டமன்று அவர்கள் கவனம் பேட்டிங் வரிசையில்தான் இருக்கும். முன்பு இதே கிளப்பில் ஆடி, இப்போது முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்கள் இருப்பார்களே, அவர்கள்தான் வேண்டும். மேட் (பிட்ச் மேல் விரிக்கும் கயிற்றுப் பாய்), ஸ்கோர் புக், கணக்கு, கிட் பை என்று வேலைக்கு ஒரு பெயரும், அவர் வராவிட்டால் இன்னொரு பெயரும் எழுதி ஒட்டுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கலாம்' என்ற வேலையை யாரும் பார்ப்பதில்லை.

இனி பிட்ச். வடக்கு தெற்காகப் போடுங்கள். கிழக்கு மேற்காகப் போட்டால் மாலை ஐந்து மணிக்கு ஒரு முனையில் நிற்பவருக்குப் பந்து தெரியாது. 72 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு நான்கு அங்குலம் வெட்டுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை பன்னிரண்டு பேர், ஐந்து மண்வெட்டி, எட்டுச் சட்டி, இரண்டு கடப்பாரை என்றால் இரண்டு ஞாயிறில் முடியும். அருகம்புல்லையும் கோரைக்கிழங்கையும் வேரோடு பொறுக்குங்கள். விட்டுவிட்டால் கோரை மேட்டையே குத்திக்கொண்டு வெளியே வரும்.

கீழே இரண்டு அங்குலம் கிராவல், மேலே இரண்டு அங்குலம் சலித்த செம்மண்ணும் கரம்பையும் (ஏரியில் படியும் களிமண்) கலந்தது. கரம்பை மட்டும் போட்டால் காய்ந்ததும் வெடித்து ஓரம் தூக்கும். மேட்டுக்குக் கீழே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பந்துதான் காட்டிக்கொடுக்கும். செம்மண் மட்டும் என்றால் பிடிப்பில்லாமல் பொடியாகும். உருட்டினால் மண் அமுங்கும் என்பதால் கிராவலும் சேர்த்து மூன்று யூனிட், அதாவது 300 கன அடி வேண்டும். லோடு கணக்கில் விலை பேசாதீர்கள், டிரெய்லருக்கு டிரெய்லர் அளவு மாறும். கரம்பைக்காக அனுமதியில்லாமல் ஏரியில் கை வைக்கவும் கூடாது.

ரோலர் வாங்க வேண்டாம். 200 லிட்டர் இரும்பு டிரம்மின் நடுவே குழாய் செருகி, ஒரே மூச்சில் கான்கிரீட் நிரப்பினால் ஏறக்குறைய அரை டன் எடை வரும். குழாய் கொஞ்சம் விலகினாலும் ரோலர் நொண்டும். நிரப்பும் முன் இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். மண்ணின் பதத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணைப் பிடிகொழுக்கட்டை போல அமுக்குங்கள். உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், ரோலரில் அப்பிக்கொண்டு வரும். பிடிக்கும்போதே உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து போட்டு இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் உருட்டலாம். இரண்டு அங்குலம் பரப்பி உருட்டிய பிறகே அடுத்த அடுக்கு. நான்கு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் மேலே இறுகி, உள்ளே பொதபொதவென்று கிடக்கும்.

அளவுகள்: ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி, பௌலிங் கிரீஸ் (ஸ்டம்ப் நிற்கும் கோடு) 8 அடி 8 அங்குலம், அதற்கு நான்கு அடி முன்னால் பாப்பிங் கிரீஸ் (பேட்ஸ்மேனின் கோடு). ஸ்டம்ப் உயரம் 28 அங்குலம், மூன்றும் சேர்ந்து 9 அங்குல அகலம். இரண்டு பௌலிங் கிரீஸின் முனைகளைக் குறுக்காக அளந்தால் இரு பக்கமும் 66 அடி 6¾ அங்குலம் வர வேண்டும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் பிட்ச் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம்.

மேட் 66 அடிக்கு 8 அடி. ஒரு முனையில் ஆணி அடித்துவிட்டு, மறுமுனையை நான்கு பேர் இழுத்துப் பிடிக்க, பக்கங்களை நடுவிலிருந்து முனைகளை நோக்கி அடித்துக்கொண்டு போங்கள். முனையிலிருந்து ஆரம்பித்தால் சுருக்கம் நடுவில் வந்து சேரும். மூன்று அடிக்கு ஓர் ஆணி என்று சுமார் ஐம்பது ஆகும். ஆறு அங்குல ஆணி, வாஷரோடு. தலை மேட்டோடு படிந்திருக்க வேண்டும். பேட்ஸ்மேனின் ஸ்டம்பிலிருந்து 12 முதல் 22 அடிவரை உள்ள பகுதியைக் காலால் தேய்த்துப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன மடிப்பு இருந்தாலும் ஒரு பந்து கணுக்காலுக்கும் அடுத்தது தாடைக்கும் வரும். லெதர் பாலில் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். ஸ்பைக்ஸ் ஷூவுக்குத் தடை போடுங்கள், மேட் கிழியும்.

கான்கிரீட் தளம் வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். ஒரு சீசன் மண்ணில் ஆடிவிட்டுப் பிறகு யோசிக்கலாம். அப்படியே போட்டாலும் அகலம் 7 அடி போதும். மேட் இரண்டு பக்கமும் அரை அடி வெளியே வந்தால்தான் மண்ணில் ஆணி அடிக்க முடியும். 72 அடி நீளம், நான்கு அங்குல கனம், 1:2:4 கலவைக்குச் சுமார் 30 மூட்டை சிமெண்ட், முக்கால் யூனிட் எம்-சாண்ட், ஒன்றரை யூனிட் முக்கால் அங்குல ஜல்லி ஆகும். ஸ்டம்புக்குக் குழி விட்டு ஊற்றச் சொல்லுங்கள். குறைந்தது ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்.

பணம் ஒருவருடைய ஜிபே எண்ணுக்குப் போவதுதான் பெரும்பாலான சண்டைக்கு ஆரம்பம். அவர் எடுக்காவிட்டாலும் எடுத்ததாகப் பேச்சு வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. பிறகு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. பழைய கிளப் ஏற்கெனவே பதிவானதா என்று முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய பொருளாளர் வீட்டுப் பரணில் சான்றிதழ் கிடைக்கக்கூடும். மாவட்ட கிரிக்கெட் சங்க லீக்கில் ஆடிய கிளப் என்றால், அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று அங்கேயும் கேளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் மேட்டைத் தட்டி, சுருட்டி, மரக்கட்டை மேல் தூக்கி வையுங்கள். தரையில் வைத்தால் ஈரம் ஏறிக் கயிறு மக்கும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். ஆணிகளை எண்ணிச் சாக்கில் போடுங்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் தேடி எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறுநாள் காலை அதே மைதானத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.